வகுப்பா, வேடமா? மேசையாட்ட மாந்தர் வகைமையும் தமிழ்ச் சொல்லாக்கமும்

வேடமேற்று ஆடும் மேசையாட்டங்களின் விதிநூலைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் முதற் பக்கங்களிலேயே ஒரு சிறு சொல்லில் இடறி நிற்க நேரும். ‘கிளாஸ்’ என்பது அச்சொல். ஆடுவோர் நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒவ்வொருவரும் ஒரு கற்பனை மாந்தரை ஏற்று, அம்மாந்தர் பேசுவதையும் செய்வதையும் தம் வாயால் சொல்கின்றனர். செயல் கைகூடியதா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. நடுவராக அமர்ந்தவர் ஊரையும் காட்டையும் பகைவரையும் விவரித்துச் செல்கிறார். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் விடையளிக்க வேண்டிய வினா, ‘உமது கிளாஸ் யாது?’ என்பது. மறவனா, மந்திரவாதியா, கள்வனா, தெய்வத்தொண்டனா என்பதே அதன் பொருள். அகராதியைத் திறந்தால் ‘வகுப்பு’ என்னும் சொல் எதிர்ப்படுகிறது. அதை அப்படியே இட்டால் ‘உமது வகுப்பு யாது?’ என்று வினா அமைகிறது. தமிழகத்தில் முன்பின் அறியாத ஒருவர் மற்றொருவரிடம் இவ்வாறு கேட்டால் அது விளையாட்டாகக் கொள்ளப்பட மாட்டாது.

இச்சொல்லுக்கு ஈடு தேடுமுன் ஆட்டத்தில் அதன் பொருள் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிதல் வேண்டும். அமெரிக்காவின் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் ஆகிய இருவர் 1971-இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்னும் போர் விளையாட்டு நூலின் பின்னிணைப்பில் வீரன், மந்திரவாதி போன்ற கற்பனை உருக்கள் இடம்பெற்றன. அங்கு ஒரு வீரன் நான்கு போர்வீரருக்கு நிகரெனக் கணக்கிடப்பட்டான். அவன் தனக்கென வாழ்வு கொண்ட மாந்தன் அல்லன். படைக்கணக்கில் ஓர் அலகு மட்டுமே. கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து 1974-இல் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வலகுக்குப் பெயரும் வாயும் தந்தது. அந்நூலில் இருந்த கிளாஸ்கள் மூன்றே: போரிடுவோன், மந்திரம் வல்லோன், ‘கிளெரிக்’ எனப்பட்ட தெய்வத்தொண்டன். போரிடுவோன் எப்படைக்கலத்தையும் ஏந்தலாம். மந்திரம் வல்லோனுக்குக் குத்துவாள் ஒன்றே உரியது. தெய்வத்தொண்டன் கூர்முனை உள்ள கருவிகளைத் தொடலாகாது. ஒவ்வொரு கிளாஸும் எதைச் செய்யலாம் என்பதோடு எதைச் செய்யலாகாது என்பதாலும் வரையறுக்கப்பட்டது என்பது இங்கு நோக்கத்தக்கது.

1975-இல் வெளிவந்த ‘கிரேஹாக்’ என்னும் துணைநூல் கள்வனை நான்காவது கிளாஸாகச் சேர்த்தது. பூட்டைத் திறத்தல், பொறிகளைச் செயலிழக்கச் செய்தல், ஓசையின்றி நடத்தல், நிழலில் மறைதல் ஆகியவை அவனுக்குரிய திறன்களாயின. இச்சேர்க்கை ஆட்டத்தை வளப்படுத்தியது என்பதே பொதுக் கருத்து. எனினும் அதில் ஓர் இழப்பும் உண்டு. அதுவரை இருளில் ஒளிய முயலாத மறவன் எவன்? கள்வனுக்கென ஒளிதல் வகுக்கப்பட்டபின், பிறர் ஒளிய முயன்றால் ‘அது உமக்குரியதன்று’ என்னும் விடை எழ வழி பிறந்தது. ஒருவருக்கு உரிமை எனச் சுட்டியதும் மற்றவரிடமிருந்து அது சொல்லாமலே எடுத்துக்கொள்ளப்படுகிறது. கிளாஸ் என்னும் கருத்தின் உள்ளீடு இதுவே. பின்னர் வந்த பதிப்புகள் எண்ணிக்கையைப் பெருக்கின. 2014-ஆம் ஆண்டு விதிநூலில் பன்னிரண்டு கிளாஸ்கள் உள்ளன. அடிப்படை மாறவில்லை. 1978-இல் வெளிவந்த ‘ரூன்குவெஸ்ட்’ போன்ற ஆட்டங்கள் கிளாஸையே விலக்கித் தனித்திறன்களை மட்டும் கொண்டு இயங்கியமையும் இவ்வடிப்படையை எதிர்த்தே எனலாம்.

ஆக, இச்சொல்லில் இரு கூறுகள் உள்ளன. ஆடுபவர் தாமே விரும்பித் தேர்ந்துகொள்வது ஒன்று. தேர்ந்தபின் உரிமையும் தடையும் வரையறைப்படுதல் மற்றொன்று. தமிழ்ச்சொல் ஒன்று இவ்விரண்டையும் ஒருங்கே தாங்குமா என்பதே வினா.

எல்லைப்புறத்தின் இரு சொற்கள்

இவ்வினாவை ஆராயத் தமிழும் தெலுங்கும் ஒன்றையொன்று தொட்டு வழங்கும் எல்லைப்புறம் ஏற்ற களமாகிறது. அங்குப் பகுத்தலைக் குறிக்கும் சொற்கள் மொழிக்கு மொழி வேறுபடுகின்றன. வேடமேற்றலைக் குறிக்கும் சொல்லோ இருமொழிக்கும் பொதுவாக நிற்கிறது. சத்தியவேட்டுக்கு அருகிலுள்ள வரதய்யபாளையம் அத்தகைய ஊர். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த எல்லைத் திருத்தம் திருத்தணியைச் சென்னை மாநிலத்திற்கும் சத்தியவேட்டுப் பகுதியை ஆந்திரத்திற்கும் தந்தது. கோடு மாறியதே அன்றி வீட்டுமொழி மாறவில்லை. ஊர்ப்பெயரின் ஈறே இருமொழியைக் காட்டும்: தமிழில் ‘பாளையம்’, தெலுங்கில் ‘பாலெம்’. படை தங்கும் இடம் என்னும் பழம்பொருள் இரண்டிலும் உண்டு.

அரசு ஆவணங்களில் இப்பகுதியின் இருபுறமும் ஆங்கிலக் ‘கிளாஸ்’ வேறுவேறு உருவம் கொள்கிறது. அரசியலமைப்பின் ‘பிற்பட்ட கிளாஸ்கள்’ தமிழ்நாட்டில் ‘பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்’ ஆயினர். ஆந்திரத்தில் ‘வெனுகபடின தரகதுலு’ ஆயினர். ‘தரகதி’ பள்ளி வகுப்பையும் குறிக்கும்; தமிழ் ‘வகுப்பு’ம் அவ்வாறே. இவ்வளவில் இரண்டும் ஒத்தவை. ஆயின் தமிழ்ச்சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு. நீதிக்கட்சி ஆட்சியில் 1921-இல் தொடங்கிய வகுப்புவாரிப் பிரதிநிதித்துவ ஆணைகளும், 1951-இல் உச்ச நீதிமன்றம் அம்முறையைச் செல்லாததாக்கிய தீர்ப்பும், அதையடுத்து எழுந்த கிளர்ச்சியும் இச்சொல்லை அரசியலின் நடுவில் நிறுத்தின. ‘வகுப்புவாதம்’, ‘வகுப்புக் கலவரம்’ என்னும் தொடர்கள் நாளிதழ் படிக்கும் எவருக்கும் பழகியவை. அருணகிரிநாதரின் திருவகுப்பும் கலம்பக உறுப்பான புயவகுப்பும் யாப்பு வல்லார்க்கன்றிப் பிறர்க்கு நினைவில் எழுவதில்லை.

பொருள் வரலாற்றை ஒதுக்கிவிட்டு இலக்கணத்தை மட்டும் நோக்கினும் இதே முடிவுதான் கிட்டும். ‘வகு’ என்பது செயப்படுபொருள் குன்றா வினை. வகுப்பவர் ஒருவர், வகுக்கப்படுபவர் மற்றொருவர். ‘இன்ன வகுப்பில் பிறந்தவர்’, ‘இன்ன வகுப்பைச் சேர்ந்தவர்’ என்பனவே இச்சொல்லுக்கு இயல்பாக அமையும் தொடர்கள். ‘வகுப்பை ஏற்றான்’, ‘வகுப்பைக் கலைத்தான்’ என்றால் பள்ளி ஆசிரியரே நினைவுக்கு வருவார். ஆங்கில விதிநூலின் வினைகளோ தேர்தல், எடுத்தல், ஆடுதல் என்பன. வினையோடு ஒட்டாத பெயர்ச்சொல்லைத் தமிழில் நட்டால், ஒவ்வொரு வாக்கியத்திலும் அது நொண்டும்.

பிற சொற்களின் நிலையும் இதுவே. ‘வர்க்கம்’ பொதுவுடைமை இயக்கத்தின் சொல்லாகிவிட்டது. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணினிப் பாடநூல்கள் நிரல்மொழியின் கிளாஸை ‘இனக்குழு’ என்கின்றன. மானிடவியலில் அதே சொல் ஒரே மரபினரான மக்கட்கூட்டத்தைக் குறிப்பது பாடநூலாசிரியர்க்கு உறுத்தவில்லை போலும். ஜப்பானியர் வேறு வழி கண்டனர். 1988-இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ மூன்றாம் பகுதி முதலிய ஆட்டங்களில் கிளாஸுக்குத் ‘தொழில்’ என்னும் பொருள்தரும் சொல் வழங்குகிறது. அவ்வாட்டத்தில் ஒரு கோயிலுக்குச் சென்று தொழிலை மாற்றிக்கொள்ளலாம். சீனத்திலும் அதே எழுத்துகள் அப்பொருளில் வழங்குகின்றன. தமிழில் ‘தொழில்’ என்பது முதற்பார்வைக்கு நல்ல சொல். ஆனால் 1953-இல் வந்து 1954-இல் கைவிடப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைக் ‘குலக்கல்வி’ எனப் பெயரிட்டு எதிர்த்த மண்ணில், தொழிலும் பிறப்பும் பிரிந்தே நிற்கும் என்று கொள்வதற்கில்லை.

வேடம்

இனி எல்லையின் இருபுறமும் மாறாத சொல்லுக்கு வருவோம் எனில், அது ‘வேடம்’ அல்லது பேச்சுவழக்கின் ‘வேஷம்’. சித்தூர்ப் பகுதியில் திரௌபதி, தருமராசர் கோயில் விழாக்களையொட்டி நிகழும் பாரதக் கூத்து, தமிழில் தெருக்கூத்து என்றும் தெலுங்கில் வீதிநாடகம் என்றும் பெயர்பெறும். அருச்சுனன் தவமரம் ஏறுதலும், படுகளத்தில் மண்ணாலான துரியோதனன் வீழ்தலும் இருமொழியினருக்கும் பொது. ஆடுவோர் ‘வேஷம் கட்டு’கின்றனர். கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமுமாக மரத்தாலான அணிகளைத் தாங்கும் வேடம் கட்டை வேடம் எனப்படும். பெண் வேடமும் மரபில் ஆடவர்க்கே உரியதாயிருந்தது. திரைக்குப் பின்னின்று அடவும் பாட்டுமாக வெளிப்படும் வேடத்தைக் கண்ட அளவில், பெயர் சொல்லுமுன்பே, வந்திருப்பவர் எத்தகையர் என்பது அவைக்குத் தெரிந்துவிடும். ‘ஆர்க்கிடைப்’ என்று திறனாய்வாளர் சொல்லும் மூலப்படிமத்தின் வேலை இதுவன்றோ? 2014 விதிநூலில் அச்சொல்லே மறவனுக்கும் கள்வனுக்கும் உரிய உட்பிரிவின் பெயராகத் தேய்ந்துவிட்டது. அவ்விடத்தில் ‘மூலப்படிமம்’ என்று பெயர்ப்பது பொருந்தாது. ‘உட்பிரிவு’ என்பதே போதும்.

திருப்பதியில் ஆண்டுதோறும் நடைபெறும் தாதய்யகுண்ட கங்கம்மா சாத்திரை இதைவிட நெருங்கிய சான்று. ஏழு நாள் விழாவில் நாளுக்கொரு வேடம்: பைராகி வேடம், பண்ட வேடம், தோட்டி வேடம், தொர வேடம், மாதங்கி வேடம் எனப் பட்டியல் நீள்கிறது. பெண்களைத் துன்புறுத்திய பாளையக்காரன் ஒருவனைத் தேடித் தேவி வேடம் மாற்றி அலைந்தாள் என்பதும், ‘தொர’ ஆகிய துரையின் வேடத்தில் வந்தபோது அவனைக் கண்டு தலையைக் கொய்தாள் என்பதும் விழாவின் கதை. கைகாலக் குடும்பத்து ஆடவர் தேவியின் முதன்மை வேடங்களைத் தாங்குகின்றனர். நேர்ந்துகொண்ட அடியவர் பலரும் தத்தமக்கென வேடமிட்டு வருகின்றனர். பெண்ணுடை அணிந்த ஆடவரும் அவர்களுள் உளர்.

மொழிபெயர்ப்பாளர் இங்கு ஊன்றி நோக்க வேண்டியது ‘தோட்டி’, ‘தொர’ என்னும் இரண்டையும். ஒன்று ஊர்க் கடைநிலை ஊழியர். மற்றொன்று ஆளும் தலைமை. சமூகத்தில் இவை பிறப்பால் அமைந்த நிலைகள். ‘வேடம்’ என்னும் சொல் பின்னொட்டாகச் சேர்ந்ததும் அவை ஒருவர் சில நாளைக்கு ஏற்றுக் களைபவையாகி விடுகின்றன. சாதிப்பெயரையே விளையாட்டுப் பெயராக்கும் ஆற்றல் ஒரு சொல்லுக்கு இருப்பது வியப்புக்குரியது. அதற்காக வேடத்தில் பிறப்புரிமை அறவே இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. கைகாலக் குடும்பத்தின் உரிமை வழிவழி வருவதே. கட்டும் உரிமை சிலர்க்கு மரபாலும் பலர்க்கு விருப்பாலும் அமைகிறது.

பொய்யும் மெய்யும்

‘வேடம்’ என்பதற்கு எதிராக எழக்கூடிய வலுவான தடை, அது பொய்மையைச் சுட்டுகிறது என்பது. ‘வேடம் போடுகிறான்’, ‘வேடம் கலைந்தது’, ‘பகல்வேடம்’ எல்லாம் பழிச்சொற்கள். பகல்வேடம் என்பதன் வரலாறே ஒரு தனிக்கட்டுரைக்குப் பொருளாகும்: ஆந்திரத்தில் ‘பகட்டி வேஷாலு’ இன்றும் ஒரு கலையின் பெயர், பகற்பொழுதில் தெருத்தெருவாக வேடமிட்டுச் சென்று நடிப்போரின் கலை. தமிழில் அது வஞ்சகத்தின் பெயராயிற்று. ஆட்டத்தில் ஒருவர் மறவனாக ஆடும்போது அவர் ஏமாற்றுபவர் அல்லர். எனவே வேடம் பொருந்தாது என்பர்.

இத்தடைக்கு விடை பெரியபுராணத்தில் உள்ளது. மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல முத்தநாதன் அடியார் வேடத்தில் வருகிறான். ஏட்டுச் சுவடிக்குள் கத்தி இருக்கிறது. நாயனார் வேடத்தை வணங்குகிறார். குத்துண்டபின்னும் காவலன் தத்தனைத் தடுத்து, வந்தவனைத் தீங்கின்றி ஊரெல்லை கடத்தச் செய்கிறார். அணிந்தவன் பொய்யன், வேடம் மெய். சைவ வழக்கில் ‘திருவேடம்’ என்பது மாறுவேடம் அன்று, அணிந்தவர் யாராயினும் தனக்குரிய மதிப்பைப் பெறும் அடையாளம். கங்கம்மா விழாவை ஆராய்ந்து 2013-இல் நூல் வெளியிட்ட ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர், வேஷத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கையில் மறைப்பைக் குறிக்கும் ‘டிஸ்கைஸ்’ என்பதைத் தவிர்த்துக் ‘கைஸ்’ என்பதைத் தேர்ந்ததும் இதனாலேயே. முன்னொட்டை நீக்கியதால் பொய் நீங்கிற்று. தமிழுக்கு அத்தகைய வெட்டும் தேவையில்லை. ‘மாறுவேடம்’ ஒருபுறமும் ‘திருவேடம்’ மறுபுறமும் நிற்க, வெறும் ‘வேடம்’ நடுநிலையாகவே உள்ளது. பழிப்பொருளைத் தருவது பெரும்பாலும் ‘போடு’ என்னும் வினை. ‘ஏல்’, ‘கட்டு’, ‘புனை’ என்பவற்றோடு வருகையில் அப்பொருள் எழுவதில்லை. விதிநூலில் ‘மறவேடம் ஏற்றல்’ என்று எழுதுவதில் இழுக்கில்லை.

ஓரிடத்தில் மட்டும் இவ்வழி அடைபடுகிறது. கள்வனுக்குக் ‘கள்ளவேடம்’ என்று எழுத முடியாது. அது ஏற்கெனவே போலி வேடம் என்று பொருள்பட்டு நிற்கும் தொடர். ஆயினும் தமிழ் மேடை இதற்கும் ஒரு சொல்லை முன்பே ஆக்கி வைத்திருக்கிறது.

பார்ட்

சங்கரதாஸ் சுவாமிகள் காலந்தொட்டு வளர்ந்த இசை நாடக மேடையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன் என்னும் வகைகள் வழங்கின. ஆங்கிலச் சொல்லும் வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் கலந்த இக்கூட்டுச் சொற்களைத் தூய்மை விரும்புவோர் முகஞ்சுளித்து நோக்கலாம். ஆனால் இவை செய்த வேலை பெரிது. ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் முறையில் நடிகர் ஒரே குழுவைச் சேர்ந்தவர் அல்லர். வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே ஒப்பந்தமாகி வந்து, ஒத்திகையின்றி, அன்றிரவு மேடையிலேயே ஒருவரையொருவர் சந்திப்பதும் உண்டு. வள்ளி திருமணம் விடியும்வரை நடக்கும். ராஜபார்ட்டுக்கு எது உரியது, பபூன் எங்கே குறுக்கிடலாம், ஸ்திரீபார்ட்டோடு தருக்கம் எவ்வளவு நீளலாம் என்பது ஒவ்வொருவர்க்கும் தெரியும். பாட்டு தெரியும், பார்ட் தெரியும். உடன் நடிப்பவரை மட்டும் தெரியாது.

மேசையாட்டத்தின் கிளாஸ் செய்வதும் இதுவே. அறிமுகமற்ற நால்வர் ஓர் ஊரில் ஒரு மாலைப் பொழுதில் கூடி உடனே ஆடத் தொடங்குவதற்குக் கிளாஸ் என்னும் ஒப்பந்தமே துணை. அவ்வகையில் உலகெங்கும் கிளாஸுக்கு ஒப்பாகக் காட்டத்தக்க மேடை வழக்குகளுள் ஸ்பெஷல் நாடகத்தின் ‘பார்ட்’ முதல் வரிசையில் நிற்கும். கள்ளபார்ட் என்பது திருடன் என்னும் ஆளைக் குறிப்பதன்று. சதாரம் போன்ற நாடகங்களில் கள்ளன் வரும்போது அவனுக்குரிய துள்ளலும் நையாண்டியும் பாட்டும் சேர்ந்த ஒரு நடிப்பு வகையைக் குறிப்பது. ‘தீஃப்’ என்பதைத் ‘திருடன்’ எனப் பெயர்ப்போர் குற்றவாளியை மேசைக்கு அழைக்கின்றனர். கள்ளபார்ட் என்றால் ஆடவல்லவர் ஒருவர் வந்து அமர்கிறார்.

இதில் எழுத்து செய்யும் ஒரு குறும்பும் உண்டு. தமிழ் நெடுங்கணக்கில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்தில்லாமையால், மேடையின் ‘பார்ட்’டும் விதிநூலின் பாடகனாகிய ‘பார்ட்’டும் ஒரே வரிவடிவம் பெறுகின்றன. 1976-இல் ஓர் இதழ்க் கட்டுரை வழியே ஆட்டத்தில் நுழைந்த இப்பாடகனை ஒலிபெயர்த்து எழுதினால் ‘பார்ட் பார்ட்’ என்னும் தொடர் தவிர்க்க முடியாததாகும். எனவே அவனுக்குத் தமிழ்ப்பெயர் வேண்டும். உடனே நினைவில் எழுவது ‘பாணன்’.

பாணனும் கூற்றுரிமையும்

பாணனை ஆங்கிலத்தில் ‘பார்ட்’ எனக் கூறுதல் ஆய்வுலகில் வேரூன்றியது. க. கைலாசபதி 1968-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வீரநிலைக் கவிதை பற்றிய நூல் அவ்வொப்புமையை விரிவாக நிறுவியது. ஆயினும் சென்ற வழியே திரும்பி வருதல் மொழிபெயர்ப்பில் எப்போதும் இயல்வதன்று. கெல்திய மரபின் பாடகனைப் பாணனுக்கு விளக்கமாகக் காட்டலாம். பாணனை அமெரிக்க ஆட்டத்தின் பாடகனுக்குப் பெயராகச் சூட்டினால் வேறு சுமைகள் உடன் வருகின்றன. புறநானூற்றின் 335-ஆம் பாடல் பாணனைத் துடியன், பறையன், கடம்பன் ஆகியோரோடு சேர்த்துக் குடியாக எண்ணுகிறது. பாணன் ஆவதற்கு யாழ் மட்டும் போதாது. பாணர் குடியில் பிறந்திருத்தல் வேண்டும். தேர்ந்துகொள்ளும் உரிமையே உயிராக உள்ள ஆட்டத்தில் இப்பெயர் தனித்து நிற்க இயலாது. ‘பாணவேடம்’ என்றால் மட்டும் தோட்டி வேடத்திற்கு நேர்ந்த மாற்றம் இதற்கும் நேர்கிறது.

பாணனைத் தொடர்ந்து சென்றால் தொல்காப்பியச் செய்யுளியலை அடையலாம். கிளாஸின் இரண்டாம் கூறாகிய உரிமையும் தடையும் தமிழில் எங்கே உள்ளன என்பதற்கு அங்கே விடை கிடைக்கிறது. அகப்பாட்டில் மாந்தர்க்கு இயற்பெயர் இல்லை. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் வகைமைகளே உண்டு. களவில் பேசும் உரிமை பெற்றோர் அறுவர்: பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி. கற்பில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் என்போரும் அவ்வுரிமை பெறுகின்றனர். ஊரும் அயலும் சேரியும் தந்தையும் தமையனும் நேரே பேசுதல் இல்லை. அவர் சொன்னதாகப் பிறர் எடுத்துரைக்கலாம், அவ்வளவே. தலைவியின் தந்தை வீட்டிலேயே இருக்கிறார், அவர் சினத்தை அஞ்சியே களவு ஒளிகிறது, பாட்டு முழுதும் அவர் நிழல் விழுகிறது. எனினும் அவருக்கு ஒரு சொல்லும் இல்லை.

செயலை எண்ணிப் பகுப்பது அமெரிக்க விதிநூல், கூற்றை எண்ணிப் பகுப்பது தொல்காப்பியம். ஒன்றில் ‘யார் எதைச் செய்யலாம்’, மற்றொன்றில் ‘யார் எப்போது பேசலாம்’. வினாக்கள் வேறாயினும் அமைப்பு ஒன்றே: ஆளின் இயல்பை வருணியாது, உரிமைப் பட்டியல் ஒன்றால் ஆளை உண்டாக்குதல். தோழி அறிவுடையவள் என்று இலக்கணம் சொல்வதைக் காட்டிலும், தோழிக்கு இன்னின்ன இடங்களில் கூற்று உண்டு என்று அது தரும் நெடும்பட்டியலே அவளை அறிவுடையவளாக்குகிறது. மேசையாட்டமும் பேச்சாலேயே நிகழ்வது என்பதை நினைந்தால் இவ்வொப்புமை இன்னும் நெருங்கும். ஆதலின் விதிநூலில் ஒவ்வொரு வேடத்தின் கீழும் அமையும் திறன் பட்டியலுக்கு ‘உரியன’, ‘உரியவல்லன’ என்று தலைப்பிடலாம். இலக்கணம் பயின்ற செவிக்கு அவை புதியனவாகா.

நடுவரைப் பற்றி ஒரு சொல். அவரைக் ‘கட்டியங்காரன்’ என அழைக்கத் தோன்றும். கூத்தில் கட்டியங்காரன் வாயிலோன், தூதன், கோமாளி, அவையோடு பேசுபவன் என வேடமற்ற எல்லா வேடங்களையும் தாங்குபவன், நடுவரும் அவ்வாறே. ஆனால் கட்டியங்காரனை மன்னர் ஏவலாம், கடிந்துகொள்ளலாம். நடுவரை எவரும் ஏவ இயலாது. 1974-ஆம் ஆண்டு நூல் அவரை ‘ரெஃபரீ’ என்றே குறித்தது. ‘நடுவர்’ என்பதே போதுமானது.

இனம்

எஞ்சி நிற்பது ஆட்டத்தின் மற்றொரு பகுப்பாகிய ‘ரேஸ்’. மனிதர், குறளர், ‘எல்ஃப்’ என்னும் வனதேவர் முதலிய பிறப்பு வகைகள் இதில் அடங்கும். நெடுங்காலம் வழங்கிய இச்சொல்லை 2024-ஆம் ஆண்டு விதிநூல் கைவிட்டு ‘ஸ்பீஷீஸ்’ என மாற்றியது. ஆங்கிலத்தில் அது தணிவான சொல். தமிழ் உயிரியல் பாடநூல்களில் அதற்கு ஈடு ‘சிற்றினம்’. திருக்குறளின் நாற்பத்தாறாம் அதிகாரத்தின் பெயர் ‘சிற்றினம் சேராமை’ என்பதை அறிந்த தமிழர், குறளர் ஒரு சிற்றினம் என்று விதிநூல் கூறக் கேட்டால் முகம் கோணுவர். புண்படுத்தாமைக்கென எடுத்த சொல் மொழி மாறியதும் புண்படுத்துகிறது. இங்கு ‘பிறப்பு’ என்னும் வெளிப்படையான சொல்லே தக்கது. ‘பிறப்பு: குறளர், வேடம்: மறவேடம்’ என இரண்டும் தனித்தனி வரியில் நின்றால், எது கொடுக்கப்பட்டது, எது ஏற்கப்பட்டது என்பது ஆடுவோர்க்கு விளங்கும்.

ஆனால் ஆட்டமே இவ்விரண்டையும் எப்போதும் பிரித்து வைக்கவில்லை என்பதையும் சுட்ட வேண்டும். 1974 நூலில் குறளர் போரிடுவோராக மட்டுமே ஆகலாம். அதிலும் ஆறாம் படிநிலைக்கு மேல் ஏற இயலாது. மனிதர்க்கு அத்தகைய வரம்பில்லை. 1981-இல் வந்த அடிப்படைப் பெட்டிப் பதிப்பு இன்னும் ஓரடி சென்று, குறளர், எல்ஃப், ‘ஹாஃப்லிங்’ ஆகிய பிறப்புகளையே கிளாஸ்களாக்கியது. மனிதராய்ப் பிறந்தவர் மறவனாகவோ கள்வனாகவோ ஆகலாம். குறளராய்ப் பிறந்தவர் குறளர் என்னும் கிளாஸைச் சேர்ந்தவர், வேறு வழியில்லை. 2000-ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பே எப்பிறப்பினரும் எக்கிளாஸையும் ஏற்கலாம் என்றும், ஒருவரே அடுத்தடுத்த படிகளில் வேறு வேறு கிளாஸ்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் திறந்துவிட்டது.

எனவே 1981-ஆம் ஆண்டுப் பதிப்பைப் பெயர்ப்பவர் அப்பக்கங்களில் ‘குறளர் வகுப்பு’ என்று எழுதுவாராயின் அதைப் பிழையென்று தள்ள இயலாது. அங்கு நூல் சொல்வதும் அதுவே. மனித மாந்தர்க்கு வேடமும் மற்றோர்க்கு வகுப்பும் எனச் சொற்கள் இரண்டு அப்பதிப்பில் அருகருகே நிற்க நேரும். 2000-க்குப் பிந்திய பதிப்புகளில் ‘வகுப்பு’க்கு இடமில்லை.